மில்டன் கண்ணு சுருங்கிக்கினே போவுது - இது இன்னும் ஏறுமா, எறங்குமா? (அக்கா டாம்பால கீது, தெரிஞ்சவங்க சொல்லுங்க)

கோட்டை அகழி | 8 அக்டோபர் 2024, காலை 6:10

எல்லாருக்கும் வணக்கம். ராத்திரி பூரா தூங்கல, அதான் இந்நேரத்துல இழை போடறேன், மன்னிச்சுக்கங்க. எங்க அக்கா ஃப்ளோரிடால டாம்பால நர்ஸா கீது, பதினோரு வருஷமாச்சு. மில்டன்னு ஒரு புயல் மெக்ஸிகோ வளைகுடால சுத்திக்கினு கீதுல்ல, அது நேரா அங்கதான் போவுதுன்னு சொல்றாங்க. ஞாயித்துக்கிழம பாத்தப்போ சாதாரண புயல்னு போட்டிருந்தான், இப்போ அஞ்சரைக்கு வந்த அறிக்கைல காத்து மணிக்கு 285 கிமீ, நடு அழுத்தம் 897 மில்லிபார்னு கீது. ஒண்ணரை நாள்ல இப்டி ஆவுமா? சாட்டிலைட் படத்துல புயலுக்கு நடுவுல கீற ஓட்டை, அதான் கண்ணு, இத்துனூண்டு குண்டூசி தல மாதிரி தெரியுது. அம்மா இங்க வேலூர் சத்துவாச்சாரி வீட்ல டீவி முன்னாடியே ஒக்காந்துகினு "கண்ணு சின்னதாயிட்டா புயலு அடங்குதுன்னு அர்த்தமாடா"ன்னு கேக்குது. எனக்கு இன்னா சொல்றதுன்னே தெரியல. இங்க வானிலை பாக்கறவங்க நெறைய பேரு கீறீங்க, கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

காட்பாடி மேகம் | காலை 6:32

ப்ரோ அம்மா நெனைக்கறதுக்கு நேர் ஆப்போசிட். கண்ணு சுருங்குதுன்னா இப்போதைக்கு அது வெறி புடிச்சு சுத்துதுன்னு அர்த்தம். இத பின்ஹோல் ஐன்னு சொல்லுவாங்க. விமானம் உள்ள போய் பாத்துட்டு குறுக்களவு சுமார் 6 கிமீன்னு சொல்லிக்கீறாங்க, அதாவது காட்பாடி ஸ்டேஷன்லேர்ந்து நம்ம கோட்டை வரைக்கும் ஒரு கோடு போட்டா மொத்த கண்ணும் அதுக்குள்ள அடங்கிடும், அந்த 6 கிமீக்குள்ள காத்தே இல்லாம அமைதி, அதுக்கு வெளிய ஒரு அடி எடுத்து வெச்சா 285 கிமீ. நானும் ராத்திரி பூரா தூங்கல, வாழ்க்கைல இப்டி ஒரு லூப் (சாட்டிலைட் படங்கள வரிசையா ஓட்டிக் காட்டறது) பாத்ததே இல்ல, செம்ம!!

இதுக்கு முன்னாடி 2005ல வில்மான்னு ஒண்ணு, அதோட கண்ணு 4 கிமீ கூட இல்ல, அழுத்தம் 882 வரைக்கும் எறங்குச்சு (அழுத்தம் எறங்க எறங்க புயல் பலமாவும்). அதான் இன்னைக்கு வரைக்கும் அட்லாண்டிக் ரெக்கார்டு.

கோட்டை அகழி | காலை 6:40

ப்ரோ உனக்கு செம்ம, எங்க அக்கா அங்க கீது.

காட்பாடி மேகம் | காலை 6:41

சாரி ப்ரோ. மெய்யாலுமே சாரி. வாய் தவறிடுச்சு.

ஆற்காடு வாத்தியார் | காலை 7:15

தம்பி கோட்டை அகழி, முதல்ல பயப்படாதே. கரையேற இன்னும் ரெண்டு நாள் இருக்கு, ஜனங்கள வெளியேத்தற வேலை அங்க ஒழுங்கா நடக்கும். முப்பத்திரண்டு வருஷம் புவியியல் நடத்தினவன், எனக்கு தெரிஞ்ச அளவுல சொல்றேன்.

கண் சின்னதானா வேகம் ஏன் ஏறுதுன்னா, சுழல் நாற்காலில ஒக்காந்து ரெண்டு கையையும் விரிச்சுக்கிட்டு ஒரு சுத்து சுத்திட்டு அப்புறம் கைய மார்போட மடக்கிப் பாரு, சட்டுனு வேகம் கூடும். அதேதான். வெளியிலேர்ந்து உள்ள வர்ற காத்து எவ்வளவு கிட்ட போய் சுத்துதோ அவ்வளவு வேகமா சுத்தும். அடுத்தது கண்ணுக்குள்ள ஏன் மேகம் இல்லாம பளிச்சுனு தெரியுது? கண்ணச் சுத்தி நிக்கற மேகச் சுவர்ல மேல ஏறின காத்துல கொஞ்சம் நடுவுல திரும்ப கீழ எறங்குது, எறங்கும்போது அழுந்துது, அழுந்தினா சூடாகும். சைக்கிள் பம்ப் அடிச்சா அடிப்பக்கம் கைய வெச்சா சுடுமே, அது மாதிரி. சூடான காத்துல மேகம் கரைஞ்சுடும். அதனால கண்ணு தெளிவாக தெளிவாக, உள்ள சூடு ஏறுது, அழுத்தம் எறங்குதுன்னு எடுத்துக்கலாம்.

சாட்டிலைட்டுல இத அளக்கறதுக்கு ஒரு முறை இருக்கு, 1970கள்ல வெர்னான் டுவோராக்னு அமெரிக்கர் ஒருத்தர் கொண்டு வந்தது, நம்ம வானிலைத் துறையும் இன்னைக்கும் அதத்தான் வெச்சிருக்கு. அகச்சிவப்புப் படத்துல கண்ணோட சூட்டையும் சுத்தி இருக்கற மேகத்தோட குளிரையும் ஒப்பிடணும். உள்ள பூஜ்யத்துக்கு மேல 15, 20 டிகிரி, சுத்தி மைனஸ் 70, 80ன்னு ஒரே தடிமனா முழு வளையம் இருந்தா, அது ரொம்ப பலமான புயல்.

ஆனா ஒண்ணு. கண்ணு இப்போ எப்படி இருக்குன்னு சொல்லும், நாளைக்கு எப்படி இருக்கும்னு சொல்லாது. இவ்வளவு சின்ன கண்ணு ரொம்ப நேரம் நிக்காது. சாயங்காலத்துக்குள்ள வேற சேதி வரும் பாருங்க.

ஆம்பூர் அடுப்பு | காலை 7:50

வாத்தியாரே சைக்கிள் பம்ப் மேட்டரு இப்பதான் மண்டைல ஏறுச்சு, ஸ்கூல்ல நீங்க வந்திருந்தா நான் பத்தாவதுல பாஸாயிருப்பேன் 😄 தம்பி அக்காவுக்கு துவா பண்றோம், கவலப்படாத.

குடியாத்தம் தறி | காலை 9:05

நான் ஒண்ணு கேக்கறேன் கோவிச்சுக்காதீங்க. அவன்கிட்ட புயலுக்குள்ளயே போற பிளேன் கீது, சரி. நம்ம பே ஆஃப் பெங்கால்ல புயல் வந்தா யாரு உள்ள போறா? யாரும் போறதில்ல. அப்போ நம்மாளுங்க சொல்ற 120 கிமீ 130 கிமீலாம் படத்த பாத்து போடற கணக்குதானா?

ஆற்காடு வாத்தியார் | காலை 9:40

பெரும்பாலும் அப்படித்தான். நடுக்கடல்ல இருக்கறப்போ சாட்டிலைட் கணக்கு, கப்பல், மிதவை. கரைக்கு கிட்ட வந்தா ரேடார் புடிக்கும். சென்னை துறைமுகத்துல ஒண்ணு, காரைக்கால்ல ஒண்ணு, ஸ்ரீஹரிகோட்டால ஒண்ணு. ரேடார்ல கண்ணோட சுவர் வளையமா தெரியும், ஆனா அழுத்தம் தெரியாது. அமெரிக்காக்காரன் விமானத்துலேர்ந்து ஒரு குழாய் மாதிரி கருவிய குடையோட கீழ விடறான், ட்ராப்சோண்ட். அது விழற வழியெல்லாம் அழுத்தம், வெப்பம், காத்து எல்லாத்தையும் அனுப்பிக்கிட்டே போகும். அந்த 897 அப்படி வந்த நம்பர்.

காட்பாடி மேகம் | காலை 10:02

இன்னொண்ணு தறி அண்ணே, நம்ம ஊருக்கு மேல சென்னை ரேடாரோட கதிர் தரைலேர்ந்து ரெண்டு கிமீ உசரத்துக்கு மேலதான் போவுது, 135 கிமீ தூரம்ல, பூமி வளைஞ்சு கீது. அதனால ரேடார்ல சிவப்பா தெரிஞ்சும் சத்துவாச்சாரில தூறல் மட்டும் விழறது, ஒண்ணுமே தெரியாம இங்க ஊத்தறது, ரெண்டும் நடக்கும்.

கோட்டை அகழி | மாலை 4:20

வாத்தியார் சார்!! நீங்க சொன்னது நடந்துடுச்சு. மதியானம் வந்த அறிக்கைல 250 கிமீக்கு எறங்கிட்டான், அழுத்தம் 920க்கு மேல ஏறிடுச்சு. படத்துல கண்ணு மங்கலாயிடுச்சு. அம்மா "அடங்குது அடங்குது"ன்னு வாசல்ல சூடம் ஏத்திடுச்சு. இது நல்ல சேதிதான?

ஆற்காடு வாத்தியார் | மாலை 5:05

சூடம் ஏத்தினது நல்லதுதான், ஆனா அதுக்குள்ள அணைச்சுட வேண்டாம்.

உன் பேரையே எடுத்துக்கோ. நம்ம கோட்டைல உள்ள ஒரு சுவர், அதச் சுத்தி அகழி, அகழிக்கு வெளிய கரை. இப்போ அந்த வெளிக்கரை மேல புதுசா இன்னொரு கோட்டைச் சுவர் எழும்புதுன்னு வெச்சுக்கோ. கடல்லேர்ந்து வர்ற ஈரமான சூட்டுக் காத்து மொத்தத்தையும் வெளிச் சுவரே புடிச்சுக்கும், உள்சுவருக்கு சாப்பாடு போகாது, கொஞ்சம் கொஞ்சமா இடிஞ்சு விழும். புயல்ல இப்போ அதுதான் நடக்குது. ரெண்டு சுவருக்கு நடுவுல மழை இல்லாத வளையத்துக்கு விஞ்ஞானிங்க வெச்ச பேரே அகழிதான், விளையாட்டுக்கு சொல்லல.

உள்சுவர் போனதும் வேகம் குறையும். அப்புறம் வெளிச் சுவர் மெல்ல உள்ள சுருங்கும், திரும்ப ஏறும். அதுக்கு நேரம் இருக்கா, தண்ணி சூடா இருக்கா, மேல்காத்து, அதாவது ரொம்ப உசரத்துல வீசற காத்து, விடுதாங்கறதுதான் கேள்வி. வளைகுடா தண்ணி இப்போ 30 டிகிரிக்கு மேல. நேரமும் இருக்கு. அதனால ஏறும்னுதான் நெனைக்கறேன்.

திருவலம் பாலம் | மாலை 6:15

ட்ரெயின்லேர்ந்து டைப் பண்றேன், தப்பிருந்தா அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க. இந்த சுவர் மாத்தற வேலைல இன்னொரு வில்லங்கம் கீது, கண்ணு பெருசாயிட்டா காத்து வேகம் கொஞ்சம் கொறைஞ்சாலும் காத்து அடிக்கற பரப்பு அகலமாயிடும், கடல இன்னும் நெறைய எடத்துல தள்ளும். 2005ல கத்ரீனா நடுக்கடல்ல கேட்டகரி 5 (காத்து வேகத்துக்கு அமெரிக்கால போடற அஞ்சு படில உச்சம்), கரையேறும்போது 3தான், ஆனா மிஸ்ஸிசிப்பி கரைல கடல் 8 மீட்டருக்கு மேல ஏறி வந்துச்சு. நம்பர் கொறஞ்சிடுச்சுன்னு வீட்ல ஒக்காந்தவங்க எத்தன பேரு போனாங்க. அதனால தம்பி, அக்காவ நம்பர் பாக்க வேணாம்னு சொல்லு, கெளம்ப சொன்னா கெளம்ப சொல்லு.

டாம்பா வேலூர்க்காரி | இரவு 7:25

டேய் இழைய ஆரம்பிச்சு வெச்சுட்டு எனக்கு லிங்க் அனுப்பறியா நீ. எல்லாருக்கும் வணக்கம், நான்தான் அந்த அக்கா. இங்க காலைல பத்தாவப் போவுது.

முதல்ல அம்மாகிட்ட சொல்லு, உங்க மாமாவும் பசங்களும் காலைலயே அட்லாண்டா பக்கம் கெளம்பிட்டாங்க. ரோடு பூரா வண்டி, வழில பெட்ரோல் பங்க்ல பெட்ரோல் தீந்துபோச்சுன்னு போர்டு வெச்சுக்கீறானாம், நாலு மணி நேரத்துல பாதி தூரம் கூட தாண்டல. நான் போவ முடியாது, புயல் டூட்டி லிஸ்ட்ல என் பேரு கீது, ரெண்டு மூணு நாளைக்கு ஆஸ்பத்திரிலயேதான். ஸ்லீப்பிங் பேக், ரெண்டு செட் ட்ரெஸ், ஊறுகா பாட்டில், இவ்ளோதான் எடுத்துக்கினு வந்தேன்.

உங்களுக்கெல்லாம் மில்டன் மட்டும்தான் தெரியுது. இங்க ரெண்டு வாரம் முன்னாடி ஹெலீன் வந்துச்சு, எங்களுக்கு 150 கிமீக்கு மேல தள்ளி போச்சு, அதுக்கே கடல் தண்ணி வீட்டுக்குள்ள வந்து சோஃபா, மெத்தை, ஃப்ரிட்ஜ் எல்லாத்தையும் ஜனங்க தெருவுல தூக்கி போட்டுக்கீறாங்க, இன்னும் அள்ளி முடியல. அந்த குப்பை மேலதான் இது வருது. காத்துல அதெல்லாம் பறந்தா இன்னா ஆவும்னு யோசிச்சு பாருங்க.

கண்ணு சின்னதா பெருசான்னு இங்க யாரும் கேக்கறதில்ல. டாம்பா வளைகுடாவுக்கு வடக்கால ஏறுதா தெக்கால ஏறுதான்னுதான் எல்லாரும் பாக்கறாங்க. வடக்கால ஏறினா தண்ணி உள்ள வரும், தெக்கால ஏறினா வெளிய போவும். இருவது முப்பது கிமீல எங்க தலையெழுத்து கீது.

ஆம்பூர் அடுப்பு | இரவு 7:40

யக்கா ஊறுகா பாட்டில மறக்காம எடுத்தீங்க பாருங்க, அங்கதான் நிக்கறீங்க நீங்க. பத்திரம்கா.

பொன்னை ஆத்தங்கரை | இரவு 8:30

அம்மாடி பத்திரமா இரு. நான் கண்ணு காதுலாம் பாக்கறவன் இல்ல, வெள்ளாமக்காரன். நம்மூரு விஷயம் ஒண்ணு சொல்லணும்னு தோணுது.

2020 நவம்பர்ல நிவர் வந்துச்சே, அன்னைக்கு ராத்திரி பூரா டீவில கண்ணு கண்ணுன்னு கத்திக்கினு இருந்தான், மரக்காணத்துகிட்ட ஏறுது, இவ்ளோ காத்துன்னு. நானும் கொட்டாய் மேல கயிறு கட்டி, மாட்ட அவுத்து பள்ளிக்கூடத்துல கட்டிட்டு, முழிச்சுக்கினு இருந்தேன். காத்து வந்துச்சு, ரெண்டு முருங்க மரம் சாஞ்சுது, அவ்ளோதான். அப்பாடான்னு பாத்தா அடுத்த நாள் ஆத்துல தண்ணி வந்துச்சு. சித்தூர் பக்கம் பேஞ்ச மழை. இங்க வானம் வெளுத்துப்போச்சு, வெய்யில் கூட அடிக்குது, ஆனா ஆறு செம்மண் கலர்ல கரைய தொட்டுக்கினு ஓடுது. எந்த டீவியும் அத சொல்லல.

குடியாத்தம் தறி | இரவு 8:55

பெரியவரு சொன்னதுல நூறு சதம் கரெக்ட். 2021 நவம்பர்ல வந்தது புயலே இல்லீங்க, வெறும் காத்தழுத்த தாழ்வு மண்டலம். கண்ணும் இல்ல மூக்கும் இல்ல. பாலாறு அணைக்கட்டுல ஒரு லட்சம் கனஅடிக்கு மேல போச்சு, எங்க மோர்தானா ரொம்பி கௌண்டின்யா ஆத்துல தண்ணி குடியாத்தத்துக்குள்ள வந்துச்சு, விரிஞ்சிபுரம் தரைப்பாலம் போச்சு, பேரணாம்பட்டுல வீடு இடிஞ்சு 9 பேரு செத்தாங்க, அதுல கொழந்தைங்க கூட. பேரு வெக்காத மழை. பேரு வெச்சிருந்தா ஜனங்க உஷாரா இருந்திருப்பாங்கன்னு எனக்கு இன்னும் மனசுல கீது.

திருவலம் பாலம் | இரவு 9:20

அந்த வெள்ளம் போய் ஒரு மாசம் கழிச்சு டிசம்பர்ல எங்க திருவலம் ரயில்வே பாலத்துல தூணு டேமேஜ்னு ட்ரெயின் மொத்தமா நிறுத்திட்டாங்க, ஞாபகம் கீதா? பொன்னை ஆத்து வெள்ளம் அடிமண்ண அரிச்சதுதான். தெனமும் சென்னைக்கு போய் வர்றவன் நான், அன்னைக்கு பஸ்ஸுல தொங்கிக்கினு போனேன். இந்த பேரு அன்னைலேர்ந்து வெச்சதுதான்.

ஆனா கண்ண பாக்கறது வேஸ்ட்டுன்னு நான் ஒத்துக்க மாட்டேன் தறி அண்ணே. 2016 டிசம்பர் 12, வர்தா அன்னைக்கு நான் வடசென்னைல மாட்டிக்கினேன். காலைலேர்ந்து வடக்கேர்ந்து அடி அடின்னு அடிச்சுது, எதுத்தாப்ல இருந்த தூங்குமூஞ்சி மரம் வேரோட சாஞ்சுது, சாயங்காலம் திடீர்னு நின்னுச்சு. அப்டியே கம்முனு ஆயிடுச்சு. ஜனங்க செல்ஃபோன தூக்கிக்கினு ரோட்டுக்கு வந்துட்டாங்க, ஒருத்தர் பைக்க எடுத்துக்கினு பால் வாங்க கெளம்பறாரு. டீக்கடைல ஒரு வயசான மீனவர் மட்டும் "உள்ள போங்கடா, பின்காத்து வரும், அது மொதோ காத்த விட மோசம்"னு கத்திக்கினே இருந்தாரு. கொஞ்ச நேரத்துல தெக்கேர்ந்து வந்துச்சு பாருங்க. காலைல வடக்கு காத்துக்கு தாக்கு புடிச்ச மரமெல்லாம் இப்போ விழுது. அவருக்கு சாட்டிலைட்லாம் தெரியாது, கண்ணுன்னா இன்னான்னு தெரியும்.

காட்பாடி மேகம் | 9 அக்டோபர், அதிகாலை 3:10

அப்டேட். வாத்தியார் சொன்ன மாதிரியே சுவர் மாத்தி முடிச்சுட்டு திரும்ப கேட்டகரி 5. 270 கிமீ. கண்ணு முன்ன விட பெருசு, பளிச்சுனு கீது. (இந்த தடவ செம்மன்னு சொல்லல.)

ஒரு விஷயம் படிச்சேன், இங்க போடலாமான்னு தெரியல, போடறேன். இன்னைக்கு மில்டனுக்குள்ள போன விமானத்துல ஒரு விஞ்ஞானியோட அஸ்தி இருந்துச்சாம். பீட்டர் டாட்ஜ்னு ரேடார் ஆராய்ச்சியாளர், 386 தடவ புயல் கண்ணுக்குள்ள போய் வந்தவர், போன வருஷம் எறந்துட்டார். அவரோட கூட வேல செஞ்சவங்க அந்த அஸ்திய கண்ணுக்குள்ள விட்டாங்களாம். 387வது தடவ.

ஆற்காடு வாத்தியார் | காலை 6:00

நாம காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் போறோம். அவருக்கு அதுதான் காசி போல.

கோட்டை அகழி | காலை 9:30

அக்கா ரெண்டு வரி மெசேஜ் பண்ணுச்சு, ஜன்னலுக்கெல்லாம் ஷட்டர் போட்டாச்சாம், பேஷண்ட்ட எல்லாம் நடு வராண்டாவுக்கு நவுத்திக்கினு கீறாங்களாம். வாத்தியார் சார், கரையேறும்போதும் இதே 5ல ஏறுமா? மெக்ஸிகோல போன வருஷம் ஒண்ணு கடைசி நேரத்துல ஏறுச்சேன்னு ஃப்ரெண்டு பயமுறுத்தறான்.

காட்பாடி மேகம் | காலை 10:15

அது ஓட்டிஸ். 2023 அக்டோபர் 25, அகாபுல்கோ. அது வேற கத ப்ரோ. ஒரு நாள் முன்னாடி வரைக்கும் சாதாரண புயல், எந்த மாடலும் சொல்லல, கரைக்கு கிட்ட வந்து கேட்டகரி 5 ஆயி ராத்திரில அடிச்சுது. ஊரு தயாராவே இல்ல. அதுல கண்ணு படத்துல தெளிவா தெரிய ஆரம்பிச்சப்போ கைல சில மணி நேரம்தான் இருந்துச்சு. 2018ல ஃப்ளோரிடாலயே மைக்கேல்னு ஒண்ணு, அதுவும் கரைய தொடற வரைக்கும் ஏறிக்கினே வந்துச்சு. நம்மூர்ல அதே வருஷம் கஜா, கடலூர் பக்கமா நாகப்பட்டினமான்னு ஆட்டம் காட்டிட்டு கடைசி சாயங்காலம்தான் மிகத்தீவிரம் ஆச்சு, காரைக்கால் ரேடார்ல கண்ணு சுருங்கறத லைவா பாத்தோம், நடுராத்திரி தாண்டி வேதாரண்யம் பக்கம் ஏறி டெல்டா தென்னை மொத்தத்தையும் சாச்சுட்டு போச்சு.

மில்டனுக்கு அப்டி இல்ல. தென்மேற்கேர்ந்து மேல்காத்து குறுக்க வருது. அது மேல் பாதிய ஒரு பக்கம் தள்ளும், கீழ் பாதி ஒரு பக்கம் நிக்கும்.

ஆம்பூர் அடுப்பு | காலை 10:40

அதாவது தம் போட்ட அண்டா மேல மூடி நவுந்துட்டா ஆவி ஒரு பக்கமா போயிடும், அடில சோறு வேகாது. கரெக்டா?

ஆற்காடு வாத்தியார் | காலை 11:05

பாய், இத விட தெளிவா நான் முப்பத்திரண்டு வருஷத்துல சொன்னதில்ல.

இன்னைக்கு பாக்க வேண்டியது கண்ணோட அளவு இல்ல தம்பி, வளையம் முழுசா இருக்கான்னு பாரு. ஒரு பக்கம் மேகம் மெலிஞ்சு கிழிஞ்ச மாதிரி தெரிஞ்சா, கண்ணுக்குள்ள மேகம் வந்து அடைச்சா, எறங்க ஆரம்பிச்சுட்டான். ஒரே ஒரு படத்த வெச்சு முடிவு பண்ணாதே. கால் மணி, அரை மணிக்கு ஒரு படம் வரும், நாலஞ்ச சேத்து பாத்தாதான் போக்கு தெரியும்.

கோட்டை அகழி | இரவு 9:10

தெக்குப் பக்கம் வத்திப்போச்சு சார். காலைல வட்டமா இருந்தது இப்போ அரைக்கடிச்ச தோசை மாதிரி கீது, மழையெல்லாம் வடக்கால தள்ளிடுச்சு. 230 கிமீன்னு போட்டான், கேட்டகரி 4. ஆனா அக்கா சொல்லுது புயல் இன்னும் கடல்ல இருக்கும்போதே நேர் எதிர்ப்பக்கம் கெழக்கு கரைல டொர்னாடோ அலர்ட் மேல அலர்ட்டா வருதாம். அது எப்டி? அவ்ளோ தூரத்துல?

காட்பாடி மேகம் | இரவு 9:35

வெளிக்கை பட்டைல, அதாவது புயலோட கை மாதிரி தூரமா நீண்டுகினு சுத்தற மழைப் பட்டைல வர்றது ப்ரோ. குறுக்கு மேல்காத்து கண்ண கெடுக்குதுல்ல, அதே காத்துதான் வெளிப் பட்டைல இருக்கற இடிமேகத்த முறுக்கி விடுது. ஒரு பக்கம் நல்லது பண்ணி இன்னொரு பக்கம் புடுங்குது.

பொன்னை ஆத்தங்கரை | இரவு 10:00

பாத்தீங்களா, எல்லாரும் கண்ண பாத்துக்கினு இருக்கும்போது அடி வேற எடத்துல விழுது.

கோட்டை அகழி | 10 அக்டோபர், காலை 6:20

ஏறிடுச்சு. ஆறு மணிக்கு, சியஸ்டா கீன்னு ஒரு எடம். கேட்டகரி 3. மேப்ல பாத்தேன், டாம்பாவுக்கு தெக்கால. தெக்கால!! அக்காவுக்கு போன் போவல. அம்மா சாமி ரூம்லேர்ந்து வெளிய வரல.

ஆற்காடு வாத்தியார் | காலை 6:35

தெக்கால ஏறினதால டாம்பால காத்து நிலத்துலேர்ந்து கடல் பக்கம் அடிக்கும். தண்ணி வெளிய போகும். ஃபோன் டவர் கரண்ட் இல்லாம போயிருக்கும், லட்சக்கணக்கான வீட்டுக்கு கரண்ட் போயிடுச்சுன்னு செய்தி வருது. ஆஸ்பத்திரி கட்டடம் பலமானது. அம்மாவ ஒரு காபி குடிக்க சொல்லு.

திருவலம் பாலம் | காலை 8:10

செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்ல பேஸ்பால் ஸ்டேடியம் கூரை பிஞ்சு போன படம் வந்துகீது, துணிக் கூரை, கந்தலா தொங்குது. அங்க 45 செமீக்கு மேல மழையாம். இது கேட்டகரி 3க்கு. தம்பி அக்கா பேசுச்சா?

கோட்டை அகழி | காலை 8:12

இல்லண்ணே.

கோட்டை அகழி | மதியம் 1:45

இன்னும் இல்ல.

டாம்பா வேலூர்க்காரி | இரவு 7:05

நல்லாக்கீறேன். நல்லாக்கீறேன். மொத்தம் நாப்பத்திமூணு மிஸ்டு கால் அம்மாகிட்டேர்ந்து, போன்ல சார்ஜ் 6 பெர்சன்ட்தான், அதனால சுருக்கமா.

ராத்திரி எட்டு மணிலேர்ந்து நடு ராத்திரி வரைக்கும் கட்டடமே முனகுச்சு. கரண்ட் போயி ஜெனரேட்டர் வந்துச்சு. எங்களுக்கு கண்ணு வரல, அதோட வடக்கு விளிம்புதான், மழை பூரா எங்க பக்கம் கொட்டுச்சு. எங்க கூட வேல செய்யற ஃபிலிப்பைன்ஸ் நர்ஸம்மா ஒருத்தங்க ஜெபம் பண்ணிக்கினே இருந்தாங்க, நான் ஜலகண்டேஸ்வரர வேண்டிக்கினேன், தண்ணிக்குள்ள இருந்த சாமிதான, தண்ணிய பாத்துக்கட்டும்னு. வெடிஞ்சு ஒருத்தர் வீடியோ காட்டினாரு, வளைகுடால தண்ணி வத்தி மண்ணு தெரியுது. மெய்யாவே வெளிய இழுத்துக்கினு போயிருக்கு. கெழக்கு கரைல டொர்னாடோவுல வயசானவங்க இருந்த எடத்துல சில பேரு போயிட்டாங்கன்னு சொன்னாங்க, அவங்க புயல் எங்களுக்குன்னு நெனச்சுக்கினு இருந்திருப்பாங்க பாவம்.

வீடு இன்னா ஆச்சுன்னு தெரியல. நாளைக்குதான் டூட்டி முடியுது. டேய் அம்மாகிட்ட சொல்லு, இனிமே நான்தான் கூப்புடுவேன், அது கூப்புட வேணாம். ஊறுகா தீந்துபோச்சு, மொத்த வார்டும் சாப்ட்டுச்சு.

ஆம்பூர் அடுப்பு | இரவு 7:08

அல்ஹம்துலில்லாஹ். யக்கா அடுத்த பாட்டில் நம்ம செலவு.

கோட்டை அகழி | இரவு 7:20

எல்லாருக்கும் நன்றிங்க, அழுதுக்கினே டைப் பண்றேன். வாத்தியார் சார், ஒரு நாள் வீட்டுக்கு சாப்ட வரணும், அம்மா சொல்லுது.

ஆற்காடு வாத்தியார் | இரவு 7:45

வரேன். சுகர் இருக்கு, பாயசம் வேண்டாம்னு மட்டும் சொல்லிடு.

பொன்னை ஆத்தங்கரை | 13 அக்டோபர், மாலை 5:30

மேகம் தம்பி, தெக்கு வங்கக்கடல்ல காத்தழுத்தம் ஒண்ணு உருவாவப் போவுது, நம்ம பக்கம் வரும்னு ரேடியோல சொன்னான். நெல்லு அறுக்க இன்னும் பத்து நாளு கீது. இதுக்கு கண்ணு வருமா?

காட்பாடி மேகம் | மாலை 5:52

இல்ல பெரியப்பா, அதுக்கெல்லாம் நேரமும் இல்ல, மேல்காத்தும் விடாது, மிஞ்சிப்போனா தாழ்வு மண்டலம்தான் ஆவும். ஆனா மழை சென்னை, திருவள்ளூர், சித்தூர் பக்கம் நெறைய காட்டுது.

பொன்னை ஆத்தங்கரை | மாலை 5:55

சித்தூரா. சரி, மாட்ட நாளைக்கே மேட்டுக்கு ஓட்டிடறேன்.